சைடுகாரில் என் மகள்

எழுபதுகளின் கடைசியில், ஹைதராபாத்தில் ஊரடங்கு போட்டிருந்த ஓர் ஏப்ரல் மாதப் பகலில் நடந்தது இது. அப்போது அல்வாலில் ஒரு சின்ன வாடகை வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் மெஷினிஸ்ட். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நான் அங்கே போய் இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. தெலுங்கு அரைகுறை, உருது சுத்தமாகத் தெரியாது. எங்கள் ஒரே மகளுக்கு மூன்று வயது.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஒரு வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தினமும் காலை ஆறு மணி வாக்கில் எங்கள் தெரு வழியாக ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் போகும். யுத்த காலத்தில் அமெரிக்கப் பட்டாளம் கொண்டுவந்து, பிறகு ஏலத்தில் விட்ட வண்டிகளில் ஒன்று என்று என் கணவர் சொன்னார். இரண்டு சிலிண்டர், மாட்டுக் கொம்பு மாதிரி அகலமான ஹாண்டில்பார், ஸ்பிரிங் மேல் உட்கார்ந்த தோல் சீட். கியர் காலில் இல்லை. பெட்ரோல் டாங்கின் பக்கத்தில் ஒரு நீளக் கம்பியாக நிற்கும், கையால்தான் மாற்ற வேண்டும். இடது பக்கம் சைடுகார். சினிமாவில் வருவது போல ஆள் உட்காரும் படகு வடிவம் இல்லை. தகரம் அடித்த, நீளமான, தட்டையான தொட்டி. சில நாள் காலியாக இருக்கும். சில நாள் மேலே தார்ப்பாய் கட்டியிருக்கும்.

ஓட்டுகிறவருக்கு ஐம்பது வயது இருக்கும். பெரிய உடம்பு, காக்கிச் சட்டை, நரைத்த மீசை. யாரையும் பார்க்க மாட்டார். அவ்வளவு பெரிய வண்டியை நடக்கிற வேகத்தில்தான் ஓட்டுவார். ஆனால் அது வந்தால் எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும், தூங்குகிற மகள் விழித்து அழுவாள். இந்த மாதிரி வண்டி வைத்திருக்கிறவன் ஒன்று ரவுடியாக இருப்பான், இல்லை நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அலைகிறவனாக இருப்பான் என்பது என் எண்ணம். ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் வாசலுக்குப் போய், அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில் தமிழிலேயே கத்திவிட்டேன்.

"மாட்டு வண்டி வேகத்துல போறதுக்கு எதுக்கு இம்புட்டுச் சத்தம்? வீட்டுல பச்சப்பிள்ள இருக்குல்லா."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் மறுநாள் முதல் எங்கள் தெருமுனையிலேயே எஞ்சினை அணைத்துவிட்டார். தெரு சரிவானது. வண்டி தன் பாரத்திலேயே உருண்டு, சத்தமே இல்லாமல் எங்கள் வாசலைக் கடந்து போகும். கோலம் போட்டுக்கொண்டு குனிந்திருக்கும்போது பின்னால் ஏதோ நிழல் விழுகிற மாதிரி இருக்கும்; திரும்பினால் அந்தப் பெரிய வண்டி போய்க்கொண்டிருக்கும். சத்தமாக வந்தபோது கோபம்தான் வந்தது. இப்படிச் சத்தமில்லாமல் போனபோது பயம் வந்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா அந்த வண்டியைப் பார்த்தாலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஊரில் கலவரம் வந்தது. பஸ்களைக் கொளுத்தினார்கள், கல்லெறிந்தார்கள், ஊரடங்கு போட்டார்கள். மூன்றாவது நாள், ஷிப்டுக்குப் போன என் கணவரும் மற்றவர்களும் வெளியே வர முடியாமல் தொழிற்சாலைக்குள்ளேயே இருந்தார்கள். அன்று விடிந்ததிலிருந்து மகளுக்கு வாந்தியும் பேதியும். பத்து மணிக்குள் துவண்டுவிட்டாள். பன்னிரண்டு மணிக்குக் கண்கள் உள்ளே போய்விட்டன. உதடு காய்ந்து வெடித்திருந்தது. அழுதாள், கண்ணீர் வரவில்லை. பிறகு அழுகையும் நின்றுவிட்டது.

அடுத்த தெருவில் இருந்த வயதான டாக்டர் கையிலும் காலிலும் குத்திப் பார்த்தார். நரம்பு அகப்படவில்லை. "நகரத்துல குழந்தைங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடும்மா. சலைன் ஏத்தணும். ரெண்டு மணி நேரத்துக்கு மேல தாங்காது" என்று இங்கிலீஷில் சொன்னதை அவர் மனைவி எனக்குத் தெலுங்கில் சொன்னார். அவர் வீட்டுப் போனிலிருந்தே ஆம்புலன்ஸுக்குக் கேட்டார்கள். இன்றைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார்கள்.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நின்றேன். வெயிலில் தார் உருகிக் கிடந்தது. ஒரு நாய்கூட இல்லை. அப்போதுதான் போலாரம் பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. நான் நடுத்தெருவுக்கு ஓடி, கையை விரித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலைத் திறந்து, "வொத்தம்மா. ஆ பண்டி வொத்து" என்று கூப்பிட்டார். வேண்டாம், அந்த வண்டி வேண்டாம் என்பது புரிந்தது. காரணம் கேட்க எனக்கு நேரமில்லை.

வண்டி என் முன்னால் வந்து நின்றது. அவர் இறங்கி மகளின் மூக்கடியில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார்.

"எத்தினி நேரமா இப்படி இருக்கா, பேட்டீ?" என்றார். மகளே என்ற அந்த ஓர் உருதுச் சொல்லைத் தவிர எல்லாம் நல்ல தமிழ்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்றைக்கு நான் கத்தியது அத்தனையும் அவருக்குப் புரிந்திருக்கிறது. பதில் சொல்லும்போதே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கைக்கு அழறே? நக்கோ. வண்டில ஏறு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்." ஏன் அழுகிறாய், வேண்டாம் என்பது அவர் கையசைப்பிலேயே புரிந்தது.

தொட்டியில் இரண்டு மணல் மூட்டைகள் கிடந்தன. அவற்றைத் தூக்கிச் சுவரோரம் போட்டார். வெயிலில் சுட்ட தகரத்தின் மேல் ஒரு கேனிலிருந்து தண்ணீரை ஊற்றித் துடைத்தார். சீட்டுக்குப் பின்னால் இருந்த பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த ஒரு வெள்ளைத் துணியை எடுத்து விரித்தார். மகளை அதில் படுக்கவைத்து, தொட்டியின் விளிம்பில் தொங்கிய தோல் வார்களில் இரண்டை அவளுக்குக் குறுக்கே மாட்டினார். அவர் கைகள் அதைப் பார்க்காமலே செய்தன. படுக்கவைப்பதும், துணியை இழுத்து விடுவதும், வாரை மாட்டுவதும் அவ்வளவு பழக்கமாக இருந்தன. பினாயில் வாசனையும் ஊதுவத்தி வாசனையும் அடித்தது. அதற்குக் கீழே வேறொரு வாசனையும் இருந்தது.

"தலை வரைக்கும் போர்த்து. வெயில்" என்றார். "நீயும் தொட்டியிலயே கால்மாட்டுல உக்காரு. எடை வேணும். எடை இல்லேன்னா இடது பக்கம் திரும்பறப்ப இது மேல தூக்கும். எவன் என்ன கேட்டாலும் பேச நக்கோ. துணியத் தொறக்க நக்கோ. ஹவ்?"

சரியா என்று கேட்கிறார். தலையாட்டினேன். வண்டி கிளம்பியது.

திருமலகிரி வரை பட்டாளத்துப் பகுதி. ரோட்டின் இரண்டு பக்கமும் மரங்கள், பூட்டிய கடைகள். அந்த வண்டியை நடக்கிற வேகத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். இப்போது அவர் கையால் கியரை மாற்ற மாற்ற அது வேகம் எடுத்தது. ஒவ்வொரு முறை முறுக்கும்போதும் வண்டி எங்கள் பக்கம் இழுக்கும். பிரேக் போட்டால் அந்தப் பக்கம் திரும்பப் பார்க்கும். அவர் தோளும் முதுகும் சேர்ந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. பூட்டிய கடைக் கதவுகளில் எஞ்சின் சத்தம் பட்டுத் திரும்பியதில், இதே மாதிரி இன்னொரு வண்டி எங்கள் பின்னாலேயே வருகிற மாதிரி இருந்தது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். ரோடு வெறிச்சென்று கிடந்தது.

முதலில் அதைக் கவனிக்கவில்லை. ஒரு மாடி ஜன்னலில் நின்ற பெண் எங்களைப் பார்த்ததும் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒரு வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து நின்றார். பாரக்ஸ் வாசலில் காவல் நின்ற இரண்டு சிப்பாய்களும் விறைத்து நின்றார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் தொட்டியையே பார்த்தார்கள். ஊரடங்கில் வண்டி போகிறதே என்று பார்க்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

செகந்தராபாத் எல்லையில் மூங்கில் தடுப்பு போட்டு போலீஸ் நின்றது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். போலீஸ்காரர் ஏதோ கேட்டார். அவர் மெல்லிய குரலில் பதில் சொன்னார்.

"பச்சீ கா மய்யத் ஹை, சாப்."

எனக்கு உருது தெரியாது. ஆனால் எங்கள் ஊரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு முழுக்க முஸ்லிம் வீடுகள். மையத்து என்றால் பிணம் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மையத்து வீடு, மையத்தாங்கொல்லை என்று கேட்டே வளர்ந்தவள் நான்.

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். என் பக்கம் வந்து, "பாப்பகி என்னேள்ளம்மா?" என்று தெலுங்கில் கேட்டார். பாப்பாவுக்கு எத்தனை வயது என்று. மூன்று விரலைக் காட்டினேன். அவர் நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு மூங்கிலைத் தூக்கினார்.

வண்டி கிளம்பியது. நடுத்தெருவில் இவர் மகளின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தாரே, அப்போதே தெரிந்திருக்கிறது, என்னிடம் சொல்லவில்லை என்று நினைத்தேன். துணிக்கு மேலே கையை வைத்தேன். அவள் கால் சில்லென்று இருந்தது. சீக்கில் குளிர்ந்ததா, வேறு எதனாலாவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"அண்ணாச்சி, எம்பிள்ளைக்கு என்னாச்சு? என்ன சொன்னிய அவுககிட்ட?"

"வாய மூடிட்டு வா" என்றார். "துணியத் தொறந்தே, இங்கயே எறக்கி விட்டுடுவேன்."

அவ்வளவு கடுமையாக அவர் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த வெறும் ஊரில், அந்த வண்டியில், யாரென்றே தெரியாத ஒரு மனிதரிடம் அகப்பட்டுக்கொண்டோம் என்று அப்போதுதான் முதல்முறையாகப் பயந்தேன்.

ஒரு திருப்பத்தில் கல்லும் கண்ணாடியுமாகக் கிடந்ததால் வண்டியை மெதுவாக்க வேண்டியிருந்தது. ஒரு பூக்காரக் கிழவர் தன் வீட்டுப் படியில் கூடையோடு உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாக விற்காத பூவாக இருக்கும். எங்களைக் கண்டதும் கூடையில் கைவிட்டு ஒரு பிடி ரோஜாவை அள்ளி, எட்டு வைத்து வந்து, அந்த வெள்ளைத் துணியின் மேல் போட்டார். கண்ணை மூடி முணுமுணுத்துவிட்டு விலகினார். வாடிய ரோஜாக்கள் என் மகளின் நெஞ்சில் கிடந்தன. தட்டிவிட என் கை எழவில்லை. தட்டிவிடும்போது அவள் அசையாவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம்.

டாங்க் பண்டுக்கு வந்தோம். ஒரு பக்கம் ஏரி, வெயிலில் கண் கூசுகிற தண்ணீர். எதிரே நீளமான ரோடு. சைக்கிள் இல்லை, ரிக்ஷா இல்லை, மனிதர் இல்லை. அங்கேதான் அந்த வண்டியின் குணம் மாறியது. ரோடு நேரானதும் அது மல்லுக்கட்டுவதை நிறுத்திவிட்டது. எவ்வளவு வேகமோ அவ்வளவு அசைவில்லாமல், ரயில் போல ஓடியது. ஏரிக்காற்று பக்கவாட்டில் அடித்ததற்கு ஓர் இம்மிகூட ஆடவில்லை. அவர் வலது கையால் மட்டும் பிடித்துக்கொண்டு, இடது கையை இறக்கித் துணியின் மேல் வைத்துக்கொண்டார். துணி பறக்காமல் பிடித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். முகத்துப் பக்கம் துணி எழுவதும் அமுங்குவதுமாக இருந்தது. அது மூச்சா காற்றா என்று பார்த்துப் பார்த்து எனக்குக் கண் எரிந்தது.

பண்டு முடிகிற இடத்தில் இரண்டாவது தடுப்பு. இங்கே ஓர் அதிகாரி நின்றார். காகிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு கையிலிருந்த பிரம்பைத் தொட்டியின் பக்கம் நீட்டினார். துணியைத் திறந்து காட்டச் சொல்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. வண்டிக்காரர், "ஹைஜா, சாப்" என்றார். காலரா. அதிகாரி ஓர் அடி பின்வாங்கினார். ஆனாலும் பிரம்பு நுனியால் துணியின் ஓரத்தை நெம்பப் போனார்.

அந்த நேரத்தில், துணிக்குள்ளிருந்து "அம்மா" என்று கேட்டது. மிகவும் மெல்லிய குரல். எனக்கு மட்டும்தான் கேட்டது.

அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் கையில் இருக்கும் காகிதம் எதற்கானது, ஏன் வாயைத் திறக்காதே என்றார், ஏன் முகத்தை மூடச் சொன்னார் என்று. நான் அப்படியே மகளின் மேல் விழுந்தேன். மாரில் அடித்துக்கொண்டு, எங்கள் ஊரில் எழவு வீட்டில் பெண்கள் அழுகிற மாதிரி ராகம் போட்டு அழுதேன். "என்னப் பெத்த மகளே, என்ன விட்டுட்டுப் போயிட்டியே" என்று உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு நடுரோட்டில் ஒப்பாரி வைத்தேன். துணிக்குக் கீழே அவள் விரல்கள் என் சேலையைத் தேடிக்கொண்டிருந்தன. அவள் மறுபடி கூப்பிட்டுவிடக் கூடாதே என்று, அந்தச் சின்னக் குரல் மூழ்கும்படி இன்னும் உரக்க அழுதேன்.

அதிகாரி பிரம்பை இழுத்துக்கொண்டு, போ என்று கையைக் காட்டினார்.

தடுப்பைத் தாண்டியதும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகமெல்லாம் வியர்வை. மறுபடி வேகத்தைக் கூட்டினார்.

ஆஸ்பத்திரிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். ஒரு தெருவில் நுழைந்து பாதி வந்த பிறகு எதிரே டயர்கள் எரிந்துகொண்டிருந்தன. புகைக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். ஒரு கல் வந்து முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. நின்று திரும்ப இடமில்லை. இடது பக்கம் ஒரு சந்து தெரிந்தது. வேகத்தைக் குறைக்காமலே அவர் கத்தினார்.

"வெளிய சாய். முழுசா சாய்."

அவர் முன்பே சொன்னது எனக்கு நினைவு வந்தது. இடது பக்கம் திரும்பினால் தொட்டி தூக்கும். மகளை விட்டுவிட்டு, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு வரை ரோட்டின் மேல் தொங்கினேன். தொட்டியின் சக்கரம் ரோட்டை விட்டு எழும்பியதை என் கையில் உணர்ந்தேன். ஒரு கணம் ஒன்றுமே நம் வசம் இல்லை. பிறகு தடாலென்று சக்கரம் இறங்கியது. என் முழங்கைத் தோல் சந்துச் சுவரில் உரிந்துபோயிற்று. வார் மாட்டியிருந்ததால் மகள் இருந்த இடத்திலேயே இருந்தாள். ரோஜாப் பூக்கள் மட்டும் சிதறிவிட்டன.

ஆஸ்பத்திரி வாசல் வந்தது. காவலாளி வண்டியைப் பார்த்தார். எங்களை ஒன்றும் கேட்காமல் கட்டடத்தின் பின்பக்கத்தைக் காட்டினார். "பீச்சே, பீச்சே" என்றார். எப்போதும் அந்த வழியாகத்தான் போவார் போலிருக்கிறது. இவர் எஞ்சினை அணைத்தார். வார்களை அவிழ்த்தார். துணியை விலக்கி மகளைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டார்.

"இன்னிக்கு முன்வாசல்" என்று காவலாளியிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு, அந்தப் பெரிய உடம்போடு படியேறி ஓடினார்.

கணுக்காலில் கத்தியால் கீறி நரம்பைத் தேடிச் சலைன் ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் அவள் சிறுநீர் கழித்தாள். நர்ஸ் சிரித்தார். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

அந்த வார்டில் மெட்ராஸிலிருந்து வந்து குடியேறிய ஓர் ஆயா இருந்தாள். சாயங்காலம் என் முழங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டே, எப்படி வந்தாய் என்று கேட்டாள். சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

"அய்யே, அந்த வண்டியிலயா? அது அநாதப் பொணம் எடுக்கற வண்டிம்மா. ரயில்ல அடிபட்டது, கேட்க ஆள் இல்லாதது, எல்லாம் அதுலதான் போவும். அந்தத் தொட்டியிலயா புள்ளயப் படுக்க வெச்சே?"

தடுப்பில் நின்றபோதே பாதி தெரிந்துவிட்ட விஷயம்தான். ஆனாலும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது. ஈரத்துணி வாங்கி மகளின் உடம்பை இரண்டு முறை, மூன்று முறை துடைத்தேன். என் சேலையை மாற்றி, அதை எறிந்துவிடச் சொல்லிக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்றாம் நாள் ஊரடங்கைச் சற்றுத் தளர்த்தியிருந்தார்கள். மகள் மடியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். வார்டு வாசலில் அவர் வந்து நின்றார். தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு பையில் சாத்துக்குடி. மகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஓர் அடி உள்ளே வைத்தார்.

நான் மகளைச் சட்டென்று பின்னால் இழுத்து, முந்தானையால் மூடினேன்.

யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. ஆனால் அவர் பார்த்துவிட்டார். உள்ளே வைத்த காலை எடுத்துக்கொண்டார். பையை வாசல் பக்கத்து ஜன்னல் மேல் வைத்துவிட்டு, "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. அது அவருக்குப் பழகிப்போன விஷயம் என்பது மட்டும் தெரிந்தது.

என் கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், கடைசியில் நடந்ததையும் மறைக்காமல். அவர் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "வீட்டுக்குப் போனதும் மொத வேலையா அவரப் போயிப் பாக்கணும்" என்றார்.

மகளுக்கு உடம்பு தேறிய பிறகு, போலாரத்தில் விசாரித்துக்கொண்டு போனோம். பழைய பங்களா ஒன்றின் பின்கட்டில் தனியாக இருந்தார். தாத்தா காலத்தில் பட்டாளத்தோடு தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம். இவரும் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தவர். வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. எங்களை உட்காரச் சொன்னார். எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நல்லவேளையாக என் கணவர் வண்டியைப் பற்றிக் கேட்டார். இரண்டு ஆண்களும் கிளட்ச், பிரேக் என்று அரை மணி நேரம் பேசினார்கள்.

"இவ்வளவு கனமான வண்டி உங்க வேலைக்கு எதுக்குங்க? திருப்ப முடியாது, நிறுத்த முடியாது. ஒரு ஆட்டோ வாங்கியிருந்தா லேசா இருக்குமே" என்றார் என் கணவர்.

"எங்கண்ணன் ரயில் லைன்ல அடிபட்டுச் செத்தான்" என்றார் அவர். "அடையாளம் தெரியாத பொணம்னு தள்ளுவண்டில போட்டுக் கொண்டு போனாங்க. நான் பின்னாலயே ஓடினேன். பள்ளத்துல எறங்கி ஏறறப்ப எல்லாம் அவன் தலை ஆடிட்டே போச்சு. லேசான வண்டி குதிக்கும். இது குதிக்காது. இது மேல படுத்தா ஆட்டம் இல்ல. அதான் வாங்கினேன். மெதுவாவும் போறேன்."

பிறகு என்னைப் பார்த்தார். "அன்னிக்குத்தான் வேகமா ஓட்டினேன். சைடுகார் மாட்டினப்புறம் இத வேகமா ஓட்டினதே இல்ல. திரும்புமா கவுறுமான்னு எனக்கே தெரியாது."

"அண்ணாச்சி, முதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா நீ ஏறியிருப்பியா? எம் பாஸ்ல மய்யத்துன்னுதான் எழுதியிருக்கு. உயிரோட ஆள ஏத்தினா திருப்பி அனுப்புவான். வேற பாஸ் வாங்கறதுக்குள்ள புள்ள போயிருக்கும்." என் மகளைப் பார்த்தார். "உயிரோட இருக்கற புள்ளய நான் வாயால மய்யத்துன்னு சொன்னேன் பேட்டீ. நான் சொன்னது பலிச்சுடுமோன்னு பயம். பண்டு மேல கைய வெச்சு மூச்சப் பாத்துக்கிட்டே வந்தேன். ரெண்டு தரம் மூச்சு அகப்படல. உங்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

வண்டியில் என்னை அதட்டியது கோபத்தில் அல்ல, பயத்தில் என்று அப்போதுதான் தெரிந்தது. வார்டில் நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை அசைத்து, "அத விடு, நக்கோ" என்றார்.

எழுந்து போய்க் குழாயில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். துடைத்துக்கொண்டு வந்தவர் மகளைப் பார்த்துவிட்டு, மறுபடியும் போய் இன்னொரு தடவை கழுவினார். திரும்பி வந்து, கேட்காமல் சும்மா நின்றார். நான் மகளைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன். அவள் சற்றும் பயப்படாமல் அவர் மீசையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பெரிய மனிதர் அசையாமல், மூச்சுவிடக்கூடத் தயங்கிக்கொண்டு நின்றார்.

என் மகள் இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், அவளுக்கு இது ஒன்றும் நினைவில்லை. எனக்கோ, உயிர் போகுமா நிற்குமா என்று தவித்த அந்தப் பயணத்தைவிட, ஆபத்தெல்லாம் விலகிய பிறகு அவளைக் காப்பாற்றிய மனிதரிடமிருந்தே அவளை இழுத்து மறைத்தேனே, அந்த ஒரு நொடியை நினைத்தால்தான் இன்றும் உடம்பு நடுங்குகிறது.